புலி வாயில் கொழுக்கட்டை

முகத்தில் புலிக்கோடு இழுக்கும்போதும் பியோ மன்சு அண்ணனின் வாய் ஓயாது. மைக்குச்சி உதட்டோரம் வரும் நொடியில் மட்டும் நிறுத்துவார். மை காய்வதற்குள் விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிடுவார். "தங்கச்சி, மழை பேஞ்சா முட்டி என்னமா வலிக்குது! காட்டுல புலிக்கு முட்டி வலிச்சா அது யாருகிட்டப் போய்ச் சொல்லும்?" பக்கத்துக் கண்ணாடியில் கொண்டை முடிந்துகொண்டிருக்கும் என்னிடம்தான், வேறு யாரிடம்? புலி அடித்துத் தின்னும் தாய் நான்தானே.

நாங்கள் போடுவது பேச்சே இல்லாத நாடகம். இந்த வாயை வைத்துக்கொண்டு இவர் அதில் புலி! தெய்வத்துக்கும் பொழுது போக வேண்டுமல்லவா?

விருந்து வீட்டில் வேலை முடித்து, வீட்டில் தனியே இருக்கும் பிள்ளைகளிடம் கூடைக் கொழுக்கட்டையோடு மலை தாண்டி வருகிறாள் தாய். ஒவ்வொரு மேட்டிலும் புலி மறிக்கிறது: "கொழுக்கட்டை ஒண்ணு குடுத்தா உன்னைத் திங்கமாட்டேன்!" கொரியாவில், எங்கள் சியோல் நகரத்தில் பல் முளைக்காத பிள்ளைக்கும் இந்த வசனம் தெரியும். ஆயுள் முழுக்க மரமாகவும் பிணமாகவும் நடித்த மனிதருக்கு, நாடே அறிந்த வேடம் கிடைத்தது. வசனத்தை மட்டும் கழற்றிவிட்டுக் கொடுத்தார்கள்.

கழற்றியவர் இயக்குநர் குவாக். மௌனத்தைப் பிரான்சுக்குப் போய்ப் படித்து வந்தவர். என் மாமியாரிடம் வந்திருந்தால் ஒரே வாரத்தில் கற்றிருப்பார். "புலி ஒத்தக் கையைத்தான் நீட்டணும் அண்ணே. ரெண்டு கையால வாங்குறது மரியாதை தெரிஞ்ச மனுஷன். புலி ரவுடி," என்பார். அண்ணனுக்கு அது மட்டும் சுலபமாக வந்தது. வீட்டில் மனைவி நீட்டும் சோற்றுக் கிண்ணத்தை, பேச்சை நிறுத்தாமல் ஒற்றைக் கையால் வாங்கிப் பழகியவர்தானே!

வாய்தான் வசப்படவில்லை. ஒருநாள் மேடையில் முட்டி இடித்து, "ஐயோ அம்மா!" என்றார். இன்னொரு நாள் முன்வரிசைப் பொடியன் "நீ நெஜப் புலியா?" என்று கேட்க, "ஆமாண்டா கண்ணு" என்று அன்போடு பதில் சொன்னார். குவாக் கொதித்துவிட்டார். "இனிமே உங்ககிட்டேருந்து ஒரு சத்தம் வந்துச்சு, புலித்தோலைக் கழட்டி வெச்சுட்டுக் கெளம்பிடுங்க அண்ணே."

இது போதாதென்று ஓக்போங் அண்ணி. சந்தை முனையில் கொழுக்கட்டைக் கடை வைத்திருப்பவர். "கடையில மலையாக் குவிஞ்சு கெடக்கு. இந்த மனுஷன் ஊராங்கிட்டப் போய்க் கை நீட்டுறாரு!" என்று தெருவுக்கே சொல்வார். கணவரின் நாடகம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. போன வாரம் ஒருநாள் திடீரென்று, அன்றைய நாடகத்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டார். அன்று கோடு இழுக்கும்போது அண்ணன் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "பாத்துட்டுப் பிடிக்கலேன்னா, நாளையிலேருந்து நான் கொழுக்கட்டை டெலிவரி பண்ணணுமாம் தங்கச்சி."

ஒவ்வொரு காட்சியிலும் புலி கை நீட்டியதும் பள்ளிக்கூடப் பிள்ளைகளே அந்த வசனத்தைக் கூவிவிடுவார்கள். அந்தக் கூச்சல் வந்தால்தான் அடுத்த அடி எடுத்து வைப்போம். அன்று அடைமழை. பிள்ளைகள் வரவில்லை. வந்திருந்தது நாகரிகம் தெரிந்த கூட்டம். இருமல்கூடக் கைக்குட்டைக்குள்தான்.

கையில் கூடை இல்லாமலே, இருப்பதுபோல் இடுப்பில் அணைத்து நின்றேன். புலி கையை நீட்டியது. யாரும் வாய் திறக்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. மேடை விளக்குகளின் சுவிட்சுப் பலகை அருகே குவாக் முறைத்துக்கொண்டு நின்றார். பேசினால் வேடம் போச்சு, இப்படியே நின்றால் அண்ணி முன்னால் மானம் போச்சு. வாயைத் திறந்துடாதே அண்ணே, திறந்துடாதே என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

"ஏங்க!" முன்வரிசையிலிருந்து அண்ணியின் சந்தைக் குரல். "வாயில என்ன கொழுக்கட்டையா? கேட்டாத்தானே குடுக்க முடியும்!"

நாகரிகக் கூட்டம் கொல்லென்று சிரித்தது. அண்ணி சிரிக்கவில்லை. பையைத் துழாவி, பயற்றுமாவு புரட்டிய கொழுக்கட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு மேடை விளிம்புக்கே வந்துவிட்டார். குரல் மாறியிருந்தது.

"இந்தா, இதைத் தின்னுட்டு அவளை விட்டுடு. பாவம், வீட்ல புள்ளைங்க தனியா இருக்கு."

கணவரை அண்ணி ஒருமையில் பேசி நான் கேட்டதே இல்லை.

புலி அண்ணியைப் பார்த்தது. ஒரு சத்தமும் வரவில்லை. வலிக்கிற முட்டியை மடக்கி உட்கார்ந்து, முதுகுக்குப் பின்னாலிருந்த இன்னொரு கையையும் கொண்டுவந்து, தலை குனிந்து, அந்தக் கொழுக்கட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது.