இருமல் இல்லாத தட்டு

என் தங்கச்சியின் குரல் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. நைனாவின் இசைத்தட்டில், நான்காவது பாட்டு முடிந்ததும் வரும் ஓர் இருமல். அதை அழித்தவள் நான்.

நைனா என்றால் எங்கப்பா. துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டியவர். ராயபுரம் மாதா கோயிலில் பாடகர் குழு இருந்தது. பத்துப் பேரோடு சேர்ந்து பாடுவது அவருக்குச் சரிப்படவில்லை. தானே எழுதுவார், தானே மெட்டுக் கட்டுவார், ஆர்மோனியத்தை மடியருகே இழுத்துக்கொண்டு தனியாகப் பாடுவார். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கம்பெனி அவருடைய நான்கு பாட்டுகளை இரண்டு அரக்குத் தட்டுகளில் போட்டது. பதிவுக்குப் போனபோது ஐந்து வயதுத் தங்கச்சியையும் கூட்டிப்போனார். விட்டுப்போனால் அழுது தெருவையே கூட்டிவிடுவாள். நான் வாயாடி, பதிவைக் கெடுத்துவிடுவேன் என்று வீட்டிலேயே விட்டார்கள். கடைசிப் பாட்டு முடிந்து ஆர்மோனியம் அடங்கியதும் அவள் ஒரு தடவை இருமினாள். மறுபடி பாட நேரமில்லை என்று அப்படியே விட்டுவிட்டார்கள். அடுத்த மழைக்காலத்தில் ஜுரம் கண்டு மூன்றே நாளில் போய்விட்டாள்.

அதிலிருந்து அந்த இரண்டாவது தட்டு அம்மாவுக்குத்தான் சொந்தம். அது ஓடும்போது அவள் மீன் கழுவிக்கொண்டிருப்பாள். கடைசி அடி வந்ததும் ஈரக்கையோடு வந்து ஒரு விரலைத் தூக்குவாள். விரல் இறங்கும்வரை யாரும் கிராமபோன் முள்ளைத் தொடக்கூடாது. இருமல் வரும், விரல் இறங்கும், திரும்பவும் மீனிடம் போய்விடுவாள். புது முள் கிடைக்காத காலம். தேய்ந்த முள்ளையே போட்டுப் போட்டு ஓட்டியதில் நைனாவின் குரல் சட்டியில் மீன் பொரிகிற மாதிரி ஆகிவிட்டது. இருமல் மட்டும் எப்படியோ கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு வயிறு எரியும். பள்ளியிலேயே முதலாவதாக வந்த அன்று மதிப்பெண் தாளோடு ஓடி வந்தேன். பாட்டு முடிகிற நேரம். அம்மா என் பக்கம் திரும்பாமல் விரலைத் தூக்கினாள்.

எழுபதுகளில் திருவொற்றியூரில் இரும்புக்கடை வைத்திருந்த ஒரு நெல்லைக்காரர், நைனாவின் பாட்டென்றால் உயிரை விடுகிறவர், கோயில் திருவிழாவுக்கு அதை மறுபதிப்பாகக் கொண்டுவருகிறேன் என்று வந்தார். நான்கு பாட்டும் ஒரே சின்னத் தட்டில். வண்ண உறையில் நைனாவின் படம். நூறே நூறு தட்டு, ஒவ்வொன்றிலும் எண்ணும் நைனாவின் கையெழுத்தும்.

"வாங்குதவன் பெட்டியில வச்சுப் பூட்டணும்லா" என்றார்.

கம்பெனியில் மூலம் தொலைந்துபோயிருந்தது. அன்றைக்கு விற்ற தட்டுகளும் அவர் தேடியவரை எங்கும் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டுத் தட்டிலிருந்துதான் டேப்பில் ஏற்ற வேண்டும். நைனாவுக்கு வேலை இருந்ததால் என்னை அனுப்பினார்கள். அம்மா இரண்டு தட்டையும் தங்கச்சியின் கவுனில் சுற்றிக் கொடுத்தாள்.

"பத்திரம்டி. கொயந்த கீது அதுல."

பதிவுக்கூடத்தில் இன்ஜினியர் இரைச்சலைக் குறைத்து நான்கு பாட்டையும் ஏற்றினார். பிறகு ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"கடைசியில ஒரு குழந்தை இருமுதும்மா. இருக்கட்டுமா, எடுத்துடட்டுமா?"

யோசிக்காமல் சொல்லிவிட்டேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். நன்றாக யோசித்தேன். அந்த விரல் இறங்குவதற்காக எத்தனை நாள் காத்து நின்றிருக்கிறேன் என்று யோசித்தேன்.

"எடுத்துடுங்க" என்றேன்.

பிளேடால் நறுக்கினார். ஒரு சாண் டேப் தரையில் விழுந்தது. பழைய தட்டுதான் வீட்டில் இருக்கப்போகிறதே என்று மனசாட்சிக்கு ஒரு சாக்கும் சொல்லிவைத்தேன்.

பாரிமுனையில் பஸ் ஏறினேன். நிற்க இடமில்லை. ராயபுரம் பாலத்துக்குப் பக்கத்தில் டிரைவர் சடாரென்று பிரேக் போட, பின்னால் இருந்த கூட்டம் மொத்தமும் என்மேல் சாய்ந்தது. இறங்கிக் கவுனைப் பிரித்தால் இரண்டாவது தட்டு மூன்று துண்டு. தரையில் விழுந்த அந்த ஒரு சாண் டேப் ஞாபகம் வந்தது. எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறித் திரும்ப ஓடினேன். பதிவுக்கூடத்தைப் பெருக்கியாகிவிட்டது. குப்பைக்கூடையைக் கவிழ்த்து, கிடைத்த டேப் துண்டுகளையெல்லாம் பொறுக்கிக் கொடுத்தேன். அந்த நல்ல மனுஷர் ஒவ்வொன்றாக ஒட்டி ஓட்டிக் காட்டினார். யார் யாருடைய வீணையோ, யாருடைய தும்மலோ வந்தது. என் தங்கச்சி வரவில்லை.

வீட்டில் பஸ்ஸில் உடைந்ததை மட்டும் சொன்னேன்.

"அதான் புச்சு வர்தே, உடு" என்றார் நைனா. அம்மா துண்டுகளைக் கவுனிலேயே முடிந்து வைத்தாள்.

திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு, கட்டுக்கட்டாக உறைகள் வந்தன. ஒன்றாம் எண் எங்களுக்கு. இரும்புக்கடைக்காரர் கொண்டுவந்த புது ரெக்கார்டு பிளேயரில் நைனா தட்டை வைத்தார். குரல் அவ்வளவு சுத்தமாக இருந்தது. தெருவே வாசலில் நின்று கேட்டது. நைனாவின் கண் கலங்கிவிட்டது. நான்காவது பாட்டின் கடைசி அடியில் அம்மா விரலைத் தூக்கினாள். ஆர்மோனியம் அடங்கியது. முள் நடுவுக்குப் போய் நின்றது. விரல் இறங்கவில்லை.

"எங்கடி அவ?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "தட்டு ரொம்பத் தேஞ்சி போச்சாம்மா. அது டேப்புல ஏறலியாம்" என்றேன்.

அம்மா அந்த விரலைப் பார்த்தாள். பிறகு மெதுவாக மடக்கிக்கொண்டாள்.

"நாந்தான்டி. ஓட்டி ஓட்டி நானே அவளத் தேச்சிட்டேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். அன்று ராத்திரி சொல்லியிருக்கலாம், மறுநாள் சொல்லியிருக்கலாம். அம்மா கண்மூடும்வரை எனக்கு நேரம் இருந்தது, நான் சொல்லவில்லை. புதுத் தட்டை அதற்குப் பிறகு அவள் யாரையும் போட விடவில்லை. நைனா காலமான பிறகு நான் ஒருதரம் எடுத்தபோது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாணாம். இவரையும் தேச்சிடப்போறோம்."

இப்போது பழைய தட்டுச் சேர்க்கிறவர்கள் அந்த மறுபதிப்பைத் தேடிக்கொண்டு ராயபுரத்துக்கு வருகிறார்கள். ஒன்றாம் எண் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, ஒரு கீறல்கூட இல்லையே, எப்படி இவ்வளவு புதுசாக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். எங்கம்மா பத்திரமாக வைத்திருந்தாள் என்று மட்டும் சொல்கிறேன்.