தொட்டியில் கொட்டிய பிளீச்சிங் பவுடர்

எங்கள் ஊருக்கு மேலதிகாரி யாராவது வருகிறார் என்றால் ரோட்டின் இரண்டு ஓரமும் பிளீச்சிங் பவுடரில் வெள்ளைக் கோடு விழுந்துவிடும். கோட்டை ஒட்டியே சாக்கடை அடைத்துக் கிடக்கும். அதை யாரும் பார்க்க மாட்டார்கள். கோடு நேராக இருக்கிறதா என்பதுதான் கவலை.

இந்தப் புத்தி போன வருடம் நான் வேலை பார்க்கும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குள்ளும் நுழைந்தது.

நான் வேதியியல் படித்தவள். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடம் போனவர் இல்லை. "படிச்சுப்புட்டு பீத்தண்ணிக்குக் காவலா?" என்று அத்தை கேட்டபோது, "ஒங்க வீட்டுதும் இங்கதான் வருது, பத்திரமாப் பாத்துக்கிறேன்" என்றேன்.

சாணியைக் கரைத்து ஊற்றி, இடைவிடாமல் காற்றைச் செலுத்தி, மூன்று மாதம் பாடுபட்டுத் தொட்டியில் நுண்ணுயிர்களை வளர்த்திருந்தேன். கழிவைத் தின்பவை அவைதான். தினமும் ஒரு ஜாடியில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து அரை மணி நேரம் வைப்பேன். பழுப்பு வண்டல் அடியில் இறங்கி மேலே தெளிந்தால் தொட்டி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். சுத்தமான தண்ணீர் கண்மாய்க்குப் போகும். அதைத்தான் ஊர் மாடுகள் குடிக்கின்றன.

ஆய்வுக்கு முதல் நாள் மேற்பார்வையாளர் ஆறு மூட்டை பிளீச்சிங் பவுடரோடு வந்து இறங்கினார்.

"வாசப்பக்கம் ரெண்டு மூட்டை, தொட்டிக்குள்ள ரெண்டு. மிச்சத்த ரூம்ல வைங்க. நாளைக்கு நாத்தமே வரக்கூடாது."

"தொட்டிக்குள்ள வேணாங்க சார்."

"ஏம்மா, ரோட்டுல போட்டா கிருமி சாகுது. தொட்டியில போட்டா சாகாதா?"

"சாகும் சார். அதுக்குத்தான் வேணாங்கிறேன்."

அவர் சிரித்தார். "கிருமிக்கு வக்காலத்து வாங்குற பிள்ளைய இப்பத்தான் பாக்குறேன்" என்றார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். கொட்டினார்கள்.

மறுநாள் வந்த மேலதிகாரி காரைவிட்டு இறங்கி ஐந்து நிமிடம் நின்றார். "ஆஸ்பத்திரி மாதிரி மணக்குதே!" என்று பாராட்டிவிட்டுப் போனார். மேற்பார்வையாளருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

என் ஜாடியில் எதுவும் இறங்கவில்லை. அரை மணி, ஒரு மணி, சாம்பல் நிறத்தில் கலங்கியே நின்றது. கண்மாய்க்குப் போகும் வால்வை அன்றே மூடினேன். நான்காம் நாள் தொட்டி அழுகி, பஸ் ஸ்டாண்டு வரை நாறியது. அப்போதுதான் மேற்பார்வையாளர் ஓடி வந்தார், கர்ச்சீப்பை மூக்கில் பொத்திக்கொண்டு.

"வால்வைத் தெறந்து விடும்மா. ரிஜிஸ்டர்ல எப்பவும் போல எழுதிரு."

"மாடு குடிக்கிற தண்ணி சார். தெறக்க மாட்டேன்."

பதிவேட்டில் எத்தனை மூட்டை, யார் சொல்லி, எந்தத் தொட்டியில் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டினேன்.

"படிச்ச திமிரு" என்றார்.

"ஆமாங்க."

அவர் கையெழுத்துப் போடவில்லை. என் கையெழுத்தே போதும் என்று மூடி வைத்துவிட்டு, இரண்டு வண்டி சாணி அனுப்பச் சொன்னேன்.

"எத்தனை நாள்ல சரியாகும்?"

"மூணு மாசம்."

"அய்யய்யோ, அடுத்த மாசம் இன்னொரு விசிட் இருக்கே!"

மிச்ச மூட்டைகள் கிடந்த அறையைப் பூட்டிச் சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன்.