தோற்ற நீதிபதியின் பக்கம்

தீர்ப்புகளைச் சாலோமி அக்கா கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். சென்னையிலிருந்து மாதம் இருமுறை தபாலில் வரும் வரி வழக்குத் தொகுப்பின் உறையைக் கொண்டை ஊசியால் கிழித்து, புத்தகத்தைக் கவிழ்த்துப் போட்டு, முடிவிலிருந்து முன்னால் வருவார். ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்த வழக்கில் மூவர் ஒரு பக்கமும் இருவர் மறுபக்கமும் நின்றிருந்தால், அந்த இருவரின் எழுத்து பெரும்பாலும் கடைசியில்தான் அச்சாகியிருக்கும். "தோத்தவரு என்ன சொல்லுதாருன்னு மொதல்ல கேப்போம். ஜெயிச்சவரு எங்க ஓடிறப் போறாரு?" என்பார்.

பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் என்னுடைய தட்டச்சுப் பயிலகத்துக்கு மேல்மாடியில் அவருடைய அலுவலகம். 'ஜே. சாலோமி, பி.காம்., விற்பனைவரி ஆலோசகர்' என்று பலகை தொங்கும். ஒரு வக்கீலிடம் பதினாறு வருடம் குமாஸ்தாவாக இருந்துவிட்டு, "இனி எம் பேச்ச நானே பேசிக்கிடுதேன்" என்று வெளியே வந்தவர். ஐம்பத்திரண்டு வயது. கையில் எப்போதும் குடை உண்டு, ஆனால் அதை விரித்து யாரும் பார்த்ததில்லை. பேருந்தில் இடம் பிடிக்கவும் அதிகாரிகளின் கதவைத் தட்டவும் மட்டுமே அது பயன்படுகிறது. வாயில் ஓர் இஞ்சி மிட்டாய் ஒதுங்கிக் கிடக்கும். கோபம் வந்தால் அதை நறுக்கென்று கடிப்பார். அந்தச் சத்தம் கேட்டவுடன் எதிரில் இருப்பவர் எழுந்து கிளம்பிவிடுவது நல்லது.

மேசைமேல் ஓர் ஊறுகாய் பாட்டில், பக்கத்தில் ஒரு தகர டப்பா. இரண்டிலும் புளியங்கொட்டைகள். ஒவ்வொரு தீர்ப்புக்கும் நீதிபதிக்கு ஒன்றாகக் கொட்டைகளை எடுத்து, ஒத்துப்போனவர்களை ஒரு பக்கமும் மறுத்தவர்களை ஒரு பக்கமும் அடுக்கி வைத்துக்கொண்டுதான் வாசிப்பார். வாசித்து முடித்ததும் வென்ற கொட்டைகள் டப்பாவுக்குப் போகும், தோற்றவை பாட்டிலுக்குப் போகும். பாட்டில் முக்கால்வாசி நிறைந்துவிட்டது.

"டெல்லிக்கு எம்புட்டு அதிகாரம், மாநிலத்துக்கு எம்புட்டுன்னு சட்டப் புஸ்தகத்த மட்டும் பாத்தாத் தெரியாது தம்பி. எத்தன வழக்கு ஒத்தக் கொட்டைல நின்னுருக்கு தெரியுமா? ஒரு மனுசன் அன்னைக்கு வேற மாரி நெனச்சிருந்தா, எதுக்கு யாரு வரி போடுததுங்கதே தலைகீழாப் போயிருக்கும்" என்று ஒரு கொட்டையை விரலால் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளிக் காட்டுவார்.

வியாபாரிகளிடம் இவ்வளவெல்லாம் பேச மாட்டார். அவர்களுக்கு ஒரே வரிதான்: "ஓடுனா டெல்லி, நின்னா மெட்ராஸ்." மாநில எல்லை தாண்டி விற்கிற சரக்குக்கு மத்தியச் சட்டம், உள்ளுக்குள்ளேயே விற்றால் மாநிலச் சட்டம். பத்தமடைப் பாய் வியாபாரியும் ஸ்ரீவைகுண்டத்து அரிசி ஆலைக்காரரும் இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

அவருடைய தேவாலயச் சபைக் கமிட்டியில் ஒருமுறை, ஆலய வளாகத்து வேப்பமரத்தை வெட்டிவிட்டுக் கார் நிறுத்த இடம் செய்வதென்று தீர்மானம் வந்தது. பதினொரு பேர் சரி என்றார்கள். அக்கா மட்டும் நான்கு பக்கத்துக்கு மறுப்புரை எழுதி, என்னிடம் மூன்று படி தட்டச்சு செய்து வாங்கிப்போய், தீர்மானப் புத்தகத்தில் ஒட்டவைத்துவிட்டு வந்தார். மரம் போய்விட்டது. "நாளைக்கு ஒருத்தன் நெழல் இல்லாம அங்கன நிப்பாம்லா, அவன் எடுத்து வாசிக்கட்டும்" என்றார். எனக்கு அக்காவை மிகவும் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

தொண்ணூற்றாறு செப்டம்பரில் ஒரு நாள், சுடலைக்கண்ணு கையில் ஒரு நோட்டீஸுடன் மாடி ஏறினார். பேட்டைக்காரர். அவரிடம் இருப்பது ஒரே ஒரு பெரிய ஜெனரேட்டர். டிராக்டரில் கோத்து இழுத்துப்போய்க் கல்யாணங்களுக்கும் கோயில் கொடைகளுக்கும் வாடகைக்கு ஓட்டுகிறார். மலைக்கு அந்தப் பக்கம் புனலூர், கொட்டாரக்கரை வரைக்கும் போவார். குலசேகரன்பட்டினம் தசராவின் பத்து நாளும்தான் அவருக்கு வருடத்தின் பெரிய சம்பாத்தியம். தசராவுக்கு ஐந்து வாரம் இருந்தது. வரி கட்டாவிட்டால் ஜெனரேட்டரை ஜப்தி செய்வோம் என்றது நோட்டீஸ்.

பொருளை இன்னொருவரிடம் பயன்படுத்த ஒப்படைத்தாலே அதையும் விற்பனைபோலக் கருதி வரி போடலாம் என்று சட்டத்தைத் திருத்தி வெகுகாலமாகிவிட்டது. ஆனால் யார் போடுவது? ஒப்பந்தம் எழுதியது திருநெல்வேலியில், ஆகவே எங்களுக்கு என்றது இங்குள்ள அலுவலகம். ஓடியது புனலூரில், ஆகவே எங்களுக்கு என்று கேரளத்தில் ஏற்கெனவே வசூலித்துவிட்டார்கள்.

"யக்கா, ஓடுனா டெல்லி, நின்னா மெட்ராஸ்னு சொல்லுவியள்லா? எஞ் சாமான் நின்ன எடத்துலயே ஓடும். இத எதுல சேப்பிய?" என்று கேட்டார் சுடலைக்கண்ணு. கிண்டலாகத்தான் தொடங்கினார். முடிக்கும்போது கண் கலங்கிவிட்டது. "தசராவுக்கு வண்டி போகலன்னா, நான் பேட்டைல தல காட்ட முடியாதுக்கா. முன்பணம் வாங்கியாச்சி."

அக்கா மிட்டாயைக் கடித்தார். கோபம் சுடலைக்கண்ணுவின் மேல் இல்லை. இதே கேள்வியில் வேறொருவர் தொடுத்த வழக்கு உயர்நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் முன் வந்து, அவர்களும் ஆளுக்கொரு பக்கம் போயிருந்தார்கள். கையெழுத்திட்ட மாநிலத்துக்கே வரி என்றார் ஒருவர். பொருள் பயன்பட்ட மாநிலத்துக்கே என்றார் மற்றவர். விஷயம் மூன்றாவது நீதிபதிக்குப் போயிருந்தது, அவர் எப்போது சொல்வாரென்று யாருக்கும் தெரியாது. மேசையில் இரண்டு கொட்டைகள் ஒரு சாண் இடைவெளியில் முறைத்துக்கொண்டு கிடந்தன. மூன்று வாரமாக அவற்றைத் துடைக்கக்கூட அக்கா யாரையும் விடவில்லை.

அன்று மாலை முழுக்க அந்தத் தீர்ப்பைக் கடைசியிலிருந்து முன்னாலும், பிறகு முன்னாலிருந்து கடைசிக்கும் வாசித்தார். மறுநாள் காலை சுடலைக்கண்ணுவை வரச்சொல்லி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏலே, ஜெனரேட்டர்கூட யாரு போவா?"

"நாந்தாம்க்கா. வேற யாரு? எம் மவளுக்குப் பேரு வச்ச அன்னைக்கும் புனலூர்ல அதுங்கூடத்தான் கெடந்தேன்."

"வாடகைக்கு எடுத்தவன் ஓட்ட மாட்டானா?"

சுடலைக்கண்ணு கக்கத்திலிருந்த மஞ்சள் பையைத் திறந்து காட்டினார். உள்ளே, ஜெனரேட்டரைச் சுற்றிக் கிளப்புகிற இரும்புக் கைப்பிடி, ஹேண்டில். ஒருமுறை கல்யாண வீட்டு ஆள் ஒருவரிடம் அதைக் கொடுத்திருக்கிறார். அது எதிர்ப்பக்கம் உதைத்து அவர் மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. "அன்னைக்குச் சத்தியம் பண்ணுனேன். பதினோரு வருசமா இத வேற கை தொட்டதில்ல."

அக்கா மேசைமேல் கிடந்த இரண்டு கொட்டைகளையும் காட்டிச் சிரித்தார். "ரெண்டு அண்ணாச்சிமாரும் எல்லாத்துலயும் சண்ட போடுதாங்க. ஆனா ஒண்ணுல மட்டும் சேந்து நிக்காங்க. பொருளு கை மாறணும், அப்பத்தான் வரின்னு ரெண்டு பேரும் எழுதியிருக்காங்க. ஒனக்கு எங்கன மாறுச்சி?"

மாறியிருந்தது, காகிதத்தில். சுடலைக்கண்ணுவின் வாடகைப் படிவத்தில் 'மேற்படி சாமானை முழுமையாகத் தங்கள் வசம் ஒப்படைத்தேன்' என்று இருந்தது. அக்கா என்னைக் கூப்பிட்டார். நான் போய்ப் பார்த்தேன். என் பயிலகத்துத் தட்டச்சு. பல வருடம் முன்பு சுடலைக்கண்ணு ஒரு வாடகைப் படிவம் கேட்டார். எனக்குத் தெரிந்த ஒரே வாடகைப் படிவம் நீலாம்பாள் பாத்திரக் கடையுடையது. அண்டா என்ற இடத்தில் ஜெனரேட்டர் என்று போட்டு, மிச்சத்தை அப்படியே அடித்துக் கொடுத்திருக்கிறேன். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

"வெக்கப்படுததெல்லாம் பொறவு. அப்பீலு வெள்ளிக்கிழமை வருது, சாட்சி சொல்ல வாங்க" என்றார் அக்கா.

மேல்முறையீட்டு அதிகாரி மதுரைப் பக்கத்துக்காரர், பொறுமைசாலி. "ஹைகோர்ட்டே ரெண்டா நிக்குது. நான் யார் பேச்சைக் கேக்குறதும்மா?" என்றார்.

"அவங்க பிரிஞ்சு நிக்குத எடத்துல நீங்க காலு வைக்காண்டாம் சார். அதுக்கு மூணாவது அய்யா வருவாங்க. ரெண்டு பேரும் சேந்து நிக்குத எடம் ஒண்ணு இருக்கு, அங்கன நில்லுங்க போதும்" என்று பக்கத்தைத் திறந்து வைத்தார் அக்கா.

"ஒப்படைச்சேன்னு உங்க ஆளே கையெழுத்துப் போட்டிருக்காரே?"

அக்கா குடையால் என்னைச் சுட்டினார். நான் எழுந்து அண்டா கதையைச் சொன்னேன். அதிகாரி நம்பாமல் படிவத்தைக் கையில் எடுத்து உரக்க வாசித்தார்: "மேற்படி ஜெனரேட்டரில் ஒடுக்கு விழுந்தால் ஈடு கட்டுவோம். புளி போட்டுத் துலக்கி, கழுவிக் கவிழ்த்துத் திருப்பித் தருவோம்." வாசித்துவிட்டுச் சற்று நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற கடைநிலை ஊழியர் சிரிப்பை அடக்க வெளியே போய்விட்டார்.

"சரி, அந்தக் கைப்பிடி எங்க? குடுங்க, பார்ப்போம்" என்று அதிகாரி கையை நீட்டினார்.

சுடலைக்கண்ணு பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரடி பின்னால் போனார். "அய்யா கோவிக்கக் கூடாது. இங்கன இருந்தே காட்டுதேன். கையில மட்டும் தர மாட்டேன்."

அரசு அதிகாரி கேட்டும் மறுத்துவிட்டாரே என்று நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா ஒரு புதிய மிட்டாயை நிதானமாகப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார். அதிகாரி நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, பேனாவை எடுத்தார். இன்று வரை யாரிடமும் கைமாறாத பொருள் என்பதை நேரிலேயே கண்டேன் என்று எழுதி, நோட்டீஸை ரத்து செய்தார். வேண்டுமானால் துறை இதை எதிர்த்து மேலே போகலாம் என்றும் சொல்லி அனுப்பினார்.

தசராவுக்குக் கிளம்புகிற அன்று காலை டிராக்டர் எங்கள் வாசலில் வந்து நின்றது. பின்னால் ஜெனரேட்டர், நெற்றியில் சந்தனத்துடன். அக்காவும் நானும் தெருவுக்கு இறங்கினோம். ஆட்கள் கூடிவிட்டார்கள். சுடலைக்கண்ணு ஒரு சீப்பு ஏலக்கி வாழைப்பழத்தை அக்காவிடம் கொடுத்தார். சட்டென்று மஞ்சள் பையிலிருந்து ஹேண்டிலை எடுத்து, இரண்டு கையாலும் ஏந்தி அக்காவின் முன் நீட்டினார்.

"பதினோரு வருசமா யாருக்கும் குடுத்ததில்லக்கா. ஒருக்கா நீங்க தொட்டுக் குடுங்க. ஒங்க கையால வாங்கிட்டுப் போறேன்."

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. வாழைப்பழச் சீப்பை என் தலையில் கட்டிவிட்டு இரண்டு கைகளையும் முன்னால் கொண்டுபோனார். இரும்புக்கு ஒரு விரற்கடை முன்னால் கைகள் நின்றன. சுற்றி நின்ற ஆட்களை ஒருமுறை பார்த்தார்.

"ஏலே! மூணாவது அய்யா இன்னும் தீர்ப்பு சொல்லல. எடுல அங்கிட்டு!" என்று அதட்டிவிட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கைப்பிடிக்கு நேராகக் குனிந்து, அதைத் தொடாமலேயே ஒரு முத்தம் கொடுத்தார்.