அரிமத்தியா சூசையாக நின்ற அருளாந்து அண்ணன்

காலை ஏழரை மணிக்கு எங்கள் கோயில் உபதேசியார் போன் செய்தார். நான் வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தேன். "சார், கண்டிக்காரரு போயிட்டாருங்க. திருக்கோகர்ணத்துல மக வீட்ல வச்சு. நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லியிருக்காரு, ஆட்டோ வாரதுக்குள்ள முடிஞ்சிருச்சாம்" என்றார். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். "அவருக்குப் பேரு இல்லையா? அருளாந்துன்னு சொன்னா வாய் வலிக்குமா?" என்று கத்திவிட்டேன். உபதேசியார் பாவம், மன்னிப்புக் கேட்டார். அந்தப் பட்டப்பெயரை ஊருக்குள் அதிகம் புழங்கவிட்டவன் நானே என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

இன்று அவருக்கு நாற்பதாம் நாள். திருப்பலிக்கு வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் அவரை அறிவீர்கள். கீரனூர் மினி பஸ்ஸில் அவரிடம் டிக்கெட் வாங்காதவர் இங்கே யாரும் இருக்க முடியாது. பெரிய வெள்ளிக்கிழமை பாஸ்கா நாடகத்தில் அவர் அரிமத்தியா ஊர் சூசையாக வந்து இயேசுவின் உடலைச் சிலுவையிலிருந்து இறக்குவதையும் வருஷா வருஷம் பார்த்திருக்கிறீர்கள். அந்த நாடகத்துக்கு வசனம் எழுதுகிறவன் நான். கல்லறைத் தோட்டக் கமிட்டியின் செயலாளரும் நான்தான். இந்த இரண்டு வேலையிலும் நான் அவரை நோகடித்திருக்கிறேன். புகழ்ந்து நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம்தான். எனக்கு அது ஆகவில்லை.

நம் பாஸ்காவில் வேஷங்கள் குடும்பச் சொத்து. ஆளுநர் பிலாத்து ரைஸ்மில் வீட்டுக்கு, சீடர் இராயப்பர் மேலத்தெருவுக்கு. இயேசுவின் உடலைக் கேட்டு வாங்கி, தனக்கென்று வைத்திருந்த கல்லறையில் அடக்கம் செய்த அரிமத்தியா சூசை கடைசியில் வருகிறவர், பேச்சும் இரண்டே வரி. அதற்கு யாரும் போட்டிக்கு வரவில்லை. எங்கிருந்தோ வந்து நம் ஊர்ப் பெண் மரியபுஷ்பத்தைக் கட்டிக்கொண்ட அருளாந்துக்கு அதைக் கொடுத்தோம். அவர் அதைச் சின்ன வேஷமாக நினைக்கவே இல்லை. வியாழக்கிழமையிலிருந்து வெறும் தண்ணீரோடு இருப்பார். உடலைச் சுற்றும் வெள்ளைத் துணியைத் தானே வாங்கி, துவைத்து, மடித்துக் கொண்டுவருவார். சிலுவையிலிருந்து இறக்குவதற்கு, கை மடங்கும் அந்தப் பழைய மரச் சுரூபத்தைத்தானே வைக்கிறோம். ஆணியைக் கழற்றும்போது, "மெதுவா, மெதுவா" என்று அதனிடமே முணுமுணுப்பார்.

அந்த இரண்டு வரிக்கு முன்னால் நான் ஒரு கேள்வியை எழுதிவைத்தேன். "உடலைக் கேட்க நீ யார்? எந்த ஊர்க்காரன் நீ?" என்று பிலாத்து கேட்பார். "அரிமத்தியா ஊர் சூசை" என்று இவர் பதில் சொல்ல வேண்டும். முதல் வருஷம் இவர் வாயைத் திறப்பதற்குள் கூட்டத்தில் யாரோ "கண்டி!" என்று கத்தினார்கள். அத்தனை பேரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த வருஷ ஒத்திகையில், கேள்வியைக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்தும்படி பிலாத்துக்குச் சொல்லிக்கொடுத்தேன். சனங்கள் கத்துவதற்கு நேரம் வேண்டுமே. இப்படி இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது. சிரிப்பு அடங்கும்வரை அவர் கையில் துணியோடு நிற்பார், பிறகு தன் வசனத்தைச் சொல்வார்.

புதிதாக எந்தப் பங்குச்சாமியார் வந்தாலும் அருளாந்து பஸ்ஸிலேயே ஒரு கேள்வி கேட்பார்: "சாமி, இந்த அரிமத்தியா எங்கிட்டு இருக்குங்க?" பலர் ஏதோ சொல்லிச் சமாளித்தார்கள். ஒரு இளம் சாமியார் மட்டும், அந்த ஊர் எது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஆளுக்கு ஓர் இடத்தைச் சொல்கிறார்கள் என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். அன்றைக்கு டீக்கடையில் அருளாந்து என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், சங்கதி தெரியுமா? அவரு ஊரையும் காணோமாம்!" என்றார். லாட்டரி விழுந்தவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

அவர் கதையை முழுசாகக் கேட்டது அன்றுதான். இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். ஒன்பது வயதில், தாத்தா காலத்து நாட்டுக்கே திரும்பிப் போங்கள் என்று குடும்பத்தை அனுப்பிவிட்டார்கள். தலைமன்னாரில் கப்பலேறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்திருக்கிறார்கள். அப்பா கையில் இருந்த காகிதத்தில் நார்த்தாமலைப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயர் இருந்ததாம். அங்கே போய் வீடு வீடாகக் கேட்டார்கள். தாத்தாவின் பெயரைக் கேள்விப்பட்டவர்கூட ஒருவரும் இல்லை. "அங்க இருந்தவரைக்கும் நாங்க இந்தியாக்காரங்க சார். இங்கிட்டு வந்தா கண்டிக்காரங்க. நடுக் கடல்ல கப்பல்ல இருந்தப்பதான் ஒருத்தனும் எந்த ஊருன்னு கேக்கல" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு எழுந்து போனேன். அந்த வருஷமும் என் வசனம் மாறவில்லை.

மரியபுஷ்பம் அக்கா இறந்தபோது அவர் கமிட்டிக்கு வந்தார். மனைவிக்குப் பக்கத்தில் தனக்கும் ஒரு குழி இடம் வேண்டும் என்றார். இடம் குறைந்துபோனதால் அப்போதுதான் புது விதிகள் போட்டிருந்தோம். பூர்வீகக் குடும்பங்களுக்குத்தான் சொந்த இடம். ஒரு கல்லறையில் அந்தக் குடும்பத்து ஆட்களைத் தவிர வேறு யாரையும் வைக்கக் கூடாது. ஒருவரை வைத்தால் ஏழு வருஷத்துக்கு அதைத் திறக்கக் கூடாது. எல்லாம் என் கையெழுத்தில் எழுதியது. "அக்கா நம்ம ஊருப் பொண்ணு, அதுக்குத் தடையில்ல. ஒங்களுக்குன்னா பேசித்தான் சொல்லணும்" என்றேன். நாலு முறை நடக்கவிட்ட பிறகு கையெழுத்துப் போட்டேன். செங்கல் வைத்து உள்சுவர் கட்டி, கடப்பாக்கல் போட்டு மூடினார். ஞாயிறு பூசை முடிந்ததும் அங்கே போய், அந்தக் காலிக் கல்லறையின் மேல் உட்கார்ந்து மனைவியிடம் பேசிக்கொண்டிருப்பார். "எனக்குன்னு இந்தியாவுல கெடச்ச மொத எடம் இதான் சார்" என்று ஒரு முறை சொன்னார்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து என் மகன் ஜெரோம் போனான். திருச்சியில் வேலை முடிந்து வரும்போது, மழை பெய்த சாலையில் பைக் சறுக்கிவிட்டது. இருபத்து நாலு வயது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் பிணவறைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். யாராவது போய்க் கேட்டு, கையெழுத்துப் போட்டு உடலை வாங்க வேண்டும். மேடை போட்டுப் பேசுகிற நான் பெஞ்சை விட்டு எழவில்லை. என் பங்காளிகள் ஆளுக்கொரு போனில் இருந்தார்கள். அருளாந்து கண்டக்டர் சட்டையோடு, பஸ்ஸைப் பாதி வழியில் விட்டுவிட்டு வந்திருந்தார். அவர்தான் சன்னலுக்குப் போனார். "ஐயா, ஜெரோம்ங்கிற புள்ளையோட ஒடம்பக் கேக்க வந்திருக்கேன்" என்றார். உள்ளே இருந்தவர் பதிவேட்டைப் பார்த்தபடி, "நீங்க யாரு? எந்த ஊரு?" என்று கேட்டார்.

நான் எழுதிய வசனம். ஊரே சிரிக்கட்டும் என்று நான் இடைவெளி விட்டுச் சொல்லவைத்த கேள்வி. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அருளாந்து கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அந்தப் புள்ளையோட ஊருதாங்க" என்றார்.

மகனை வைக்க எங்களுக்கு இடம் இல்லை. எங்கள் குடும்பக் கல்லறையில் அம்மாவை வைத்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. எத்தனையோ பேருக்கு முடியாது என்று மறுத்த விதியை எனக்காக எப்படி மீறுவது? பொதுப் பகுதியில் வைக்கலாம் என்றார்கள். நாலைந்து வருஷத்தில் தோண்டி வேறு ஒருவரை வைத்துவிடுவார்கள். என் மனைவி அதைக் கேட்டு எழுப்பிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அப்போது அருளாந்து என் பக்கத்தில் வந்து குந்தினார். "சார், எம் பொஞ்சாதிக்குப் பக்கத்துல காலியாத்தான கெடக்கு. எனக்கு இப்ப என்ன அவசரம்? தம்பிய அங்க வைப்போம். எடத்த எழுதிக் குடுத்துர்றேன், ஒங்க விதியும் கெடாது. அவ பாத்துக்குவா" என்றார். அவரை அண்ணே என்று நான் கூப்பிட்டது அன்றைக்குத்தான் முதல் முறை. என் மகனின் தலைப்பக்கத்தைத் தாங்கிக் குழிக்குள் இறக்கியவர் அவர். "மெதுவா, மெதுவா" என்றார்.

அடுத்த பெரிய வெள்ளிக்கு முன்னால் பிலாத்தின் கேள்வியை அடித்துவிட்டேன். ஒத்திகையில் அண்ணன் விடவில்லை. "அத ஏன் எடுத்தீங்க? அவரு கேட்டாத்தான நான் எந்த ஊருன்னு சொல்ல முடியும்? போடுங்க சார்" என்று பிடிவாதம் பிடித்தார். போட்டேன். அன்று சாயங்காலம் பிலாத்து கேட்டார், பழக்கத்தில் நிறுத்தவும் செய்தார். கூட்டத்தில் ஒரு சத்தம் இல்லை. நாடகம் முடிந்ததும் அண்ணன் என்னிடம் வந்து, "யாரும் கத்தாம எனக்கு வசனமே மறந்துபோச்சு சார், நல்லவேள வாயில வந்துருச்சு" என்றார். அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

அவரைத் திருக்கோகர்ணத்திலிருந்து கொண்டுவந்த அன்று, மரியபுஷ்பம் அக்கா போய் ஆறு வருஷமும் என் மகன் போய் நாலு வருஷமும்தான் ஆகியிருந்தன; விதிப்படி இரண்டு குழியையும் திறக்க முடியாது. எங்கள் குடும்பக் கல்லறையைத் திறந்து அவரை வையுங்கள் என்று பங்காளிகளிடம் கேட்டேன். அம்மாவை வைத்தும் இன்னும் ஐந்து வருஷம்கூட முடியவில்லை, குடும்பத்தைச் சேராதவரை வைக்கவும் கூடாது, நீ எழுதிய விதிதானே என்று தாளை நீட்டினார்கள். கத்தினேன், கும்பிட்டேன். நடக்கவில்லை. அப்போது என் மனைவி எழுந்து, "நம்ம புள்ள எலும்ப எடுத்து ஒரு ஓரமா வச்சுட்டு அவர அங்க வைங்க. அது அவரு எடம்" என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு மனம் வேண்டியிருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். கமிட்டியும் இந்த ஒரு முறை விட்டுவிடலாம் என்று தலையாட்டியது.

அண்ணனின் மகள்தான் தடுத்தாள். "வேணாங்க. அப்பா சொல்லிட்டுத்தான் போயிருக்காரு. நான் செத்தா அந்தப் புள்ளையையும் அம்மாவையும் கலைச்சிராதீங்க, எங்கிட்டாச்சும் வைங்க, எனக்கு ஊர் மாறி ஊர் மாறிப் பழக்கந்தான்னு சொன்னாரு" என்று அழுதாள்.

இங்கேதான் நான் உங்கள் எல்லோர் முன்னாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவள் வேண்டாம் என்றபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. வற்புறுத்த வாய் இருந்தது, வற்புறுத்தவில்லை. என் மகனைத் தொட மாட்டார்கள் என்பது மட்டும்தான் அந்த நேரத்தில் என் மனதில் இருந்தது. அண்ணனைக் கிழக்குச் சுவர் ஓரம், பொதுப் பகுதியில் வைத்தோம். அவர் மனைவிக்கும் அவருக்கும் நடுவே முப்பது நாற்பது கல்லறைகள் இருக்கின்றன. சில வருஷங்களில் அந்த இடத்தையும் தோண்டுவார்கள். செயலாளர் பதவியை எழுதிக்கொடுத்து விலகிவிட்டேன். அதனால் அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

நீங்கள் அவரிடமிருந்து அவர் சிரிப்பை, கை நீட்டி ஊர்ப் பெயர்களைக் கூவிய குரலை வைத்துக்கொள்ளுங்கள். நான் அவருடைய இடத்தை வைத்துக்கொண்டிருக்கிறேன். மரியபுஷ்பம் அக்காவுக்குப் பக்கத்தில், அவர் தன் கையால் செங்கல் அடுக்கிய ஆறடி. அதில் என் பிள்ளை தூங்குகிறான். அண்ணே, அதைத் திருப்பித் தர எனக்கு மனசு வரவில்லை.