கோப்பி வாங்கப் போகும் அப்பா

போன வருடம், கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடங்கள் தொடங்கிய கையோடு, ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள மைதானத்தில் நடந்தது இது.

இந்த ஊரில் பிள்ளைகள் நடை பழக முன்பே உதைபந்து பழகிவிடுவார்கள். என் மகனோ பந்தைக் கையால் எறிந்து விளையாடும் அமெரிக்கன் ஃபுட்போலில் போய்ச் சேர்ந்தான். அதிலும் குவாட்டர்பேக். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பந்து முதலில் வருவது அவன் கைக்குத்தான். யாருக்கு எறிவது என்று இரண்டு மூன்று விநாடிக்குள் முடிவெடுக்க வேண்டும். அதற்குள் அவனை விழுத்துவதற்கென்றே எதிரணியில் நாலு பேர் மாடு மாதிரிப் பாய்ந்து வருவார்கள்.

இதை என்னால் பார்க்க முடியாது. மகனுக்குச் சின்ன வயதில் ஊசி போட்டபோதே மனைவியை உள்ளே விட்டுவிட்டு வெளியே நின்றவன் நான். ஆகவே மகனின் அணி பந்தோடு இறங்கினால் கோப்பி வாங்கப் போய்விடுவேன். அவர்கள் வெளியே வந்த பிறகு திரும்பி வருவேன். மற்றத் தகப்பன்மார் என் கோப்பிப் பைத்தியத்தைக் கேலி செய்வார்கள். நானும் சிரித்துச் சமாளிப்பேன்.

மகனின் முதல் பயிற்சியாளர் கத்துவதில் மன்னன். ஒரு பந்து பிழையாகப் போனால் மைதானமே அதிரும். அடுத்த நிமிடம் மகனை ஆட்டத்திலிருந்து எடுத்து வெளியே வாங்கில் இருத்திவிடுவார். அந்த வருடம் முழுவதும் பிள்ளை அவருடைய முகத்தைப் பார்த்துப் பார்த்தே எறிந்தான். ஆட்டமுள்ள நாட்களில் சாப்பாடு இறங்காது. பிறகு வந்தவர் இளம் ஆள். பிழை விட்டால் பக்கத்தில் கூப்பிட்டு, "என்ன கண்டாய்?" என்று மட்டும் கேட்பார். மகன் சொல்வான். உடனே திரும்ப அனுப்பிவிடுவார். மெல்ல மெல்லப் பிள்ளை நிமிர்ந்தான். உப்புப் போத்தலையும் மிளகுப் போத்தலையும் சாப்பாட்டு மேசையில் நகர்த்தி எனக்கே ஆட்டத்தை விளங்கப்படுத்துவான்.

அன்று ஆட்டத்துக்கு முன் அந்தப் புதியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மகனை அணியிலிருந்து எடுக்கப் போகிறார் என்றே நினைத்தேன். உண்மையைச் சொன்னால், பாதி மனம் அதற்கு ஆசையும் பட்டது.

அவர் சொன்னது வேறு. பந்து கைக்கு வரச் சற்று முன் மகனின் கண் இன்னமும் வெளியே போகிறதாம். பழைய பயம்தான் என்று நினைத்து விசாரித்தால், அப்பாவைத் தேடுகிறேன் என்றானாம். வேலியடியில் நான் இல்லாததைக் கண்டதும் அவன் மனம் அங்கேயே நின்றுவிடுகிறதாம். "கண்டு வாங்குகிற அடி பரவாயில்லை. காணாமல் வாங்குகிற அடிக்குத்தான் நான் பயப்படுகிறேன்" என்றார்.

அவன் அடிபடுவதைப் பார்க்கக்கூடாது என்று நான் ஓடிய ஓட்டமே அவனுக்கு அடி வாங்கிக் கொடுக்கப் போகிறதா? எனக்குப் பயம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். பயந்துகொண்டே நில்லுங்கள், போகாமல் இருந்தால் போதும் என்றார்.

உடுப்பு மாற்றும் அறை வாசலில் மகனைப் பிடித்தேன்.

"நான் இண்டைக்கு எங்கையும் போகமாட்டன். வேலியடியிலதான் நிப்பன்."

"முழு ஆட்டமுமோ? அப்ப கோப்பி?"

"கோப்பியும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

அவன் தலைக்கவசத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "உங்களுக்கு என்ர விளையாட்டுப் பிடிக்கேல்லை எண்டுதான் நான் நினைச்சனான், அப்பா."

"பிடிக்காமல் இல்லையடா. பயம்."

நின்றேன். கம்பியை இறுகப் பிடித்ததில் விரல்கள் விறைத்துப் போயின. முதல் பந்துக்கு முன் அவன் திரும்பிப் பார்த்தான். கையை உயர்த்திக் காட்டினேன். அடுத்ததற்கும் பார்த்தான். அதற்கடுத்த பந்தில் ஒருவன் இடப்பக்கத்தால் பாய்ந்து வந்து இடிக்க, மகன் மல்லாந்து விழுந்தான். எழும்பவில்லை.

என் கால் தன்பாட்டில் வேலியில் ஏறத் தொடங்கியது. பக்கத்தில் நின்ற ஒரு ஜேர்மன் தகப்பன் என் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். முதலுதவிக்காரர் ஓடிப்போய்க் குனிந்தார். அந்த நேரம் நான் கூப்பிடாத தெய்வம் இல்லை. மூச்சு அடைத்ததுதான், தலைக்கு ஒன்றுமில்லை என்று பிறகு தெரிந்தது. கொஞ்ச நேரம் வெளியே இருத்தி வைத்து, நன்றாகச் சோதித்த பிறகே திரும்ப விட்டார்கள்.

அவன் இறங்கியதும், இடித்த அதே ஆள் அதே பக்கத்தில் வந்து நிற்பது எனக்கே தெரிந்தது. மகன் பார்க்கட்டும் என்று கையை உயர்த்தியபடி காத்திருந்தேன். அவன் பார்க்கவில்லை. முன்னுக்கு மட்டும் பார்த்துக்கொண்டு, இடி வந்து விழும்வரை அசையாமல் நின்று எறிந்தான். பந்து போய்ச் சேர வேண்டிய கைக்குச் சேர்ந்தது. அவனும் தட்டிக்கொண்டு எழும்பினான். நான் உயர்த்திய கையை இறக்க மறந்து அழுதேன்.

ஆட்டத்தில் தோற்றுத்தான் போனார்கள். வீட்டுக்குப் போகும்போது காரில் கேட்டேன்: "பிறகு என்னைத் திரும்பிப் பாக்கவே இல்லையே?"

"நிக்கிறியள் எண்டு தெரியும்தானே" என்றான்.

அவன் என்னைத் தேடாமல் விளையாட வேண்டுமென்றால் நான் அங்கே இருந்தே ஆகவேண்டும் என்று அன்று விளங்கியதால், இன்றும் அவன் இறங்கும்போதெல்லாம் பயந்துகொண்டே அந்த வேலியடியிலேயே நிற்கிறேன்.