பலன் இல்லாத துளை

பதினோரு வருடமாக அவர் டேங்கர் லாரி ஓட்டுகிறார். பொட்டல்காட்டில் துளை போட்டுத் தாமிரம் தேடுகிற கம்பெனிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஏரியிலிருந்து தினமும் தண்ணீர் கொண்டுபோவார். துளைக்கருவி சூடேறாமலிருக்க அத்தனையும் குழிக்குள் போகும். அவர் வீட்டுக் குழாயில் வாரம் ஒரு நாள்தான் தண்ணீர்.

"கண்ட ஓட்டைக்கெல்லாம் தண்ணி ஊத்துறீங்க, வீட்டுக் குடம் மட்டும் உங்க கண்ணுல படாது" என்பாள் மனைவி.

போன மாதம் இருநூறு மீட்டர் ஆழத்தில் தாமிரம் கிடைக்கவில்லை. நல்ல தண்ணீர் பீறிட்டு வந்தது. லாரிக்காரர் கையில் ஏந்திக் குடித்தார். கற்கண்டாக இனித்தது.

"சார், இனிமே ஏரிக்குப் போக வேண்டாம்ல?" என்று என்ஜினியரிடம் கேட்டார்.

"நம்ம லைசென்ஸ் தாமிரத்துக்குத்தான். இதுல ஒரு சொட்டு எடுத்தாலும் வம்பு. மூடிடணும்" என்றார் அந்தப் படித்த மனிதர். ரிப்போர்ட்டில் 'பலன் இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

மறுநாள் துளையை சிமெண்ட் கொட்டி அடைத்தார்கள். அந்த சிமெண்டைக் குழைக்கத் தண்ணீர் வேண்டுமே. லாரிக்காரர் விடியற்காலையிலேயே ஏரிக்குக் கிளம்பியிருந்தார்.