கிளி பார்க்கப் போய் கிளி விரட்டிய கதை

1. அம்மை போட்ட கைடு

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, நீங்க என்ன கோர்ஸ் படிச்சீங்க?" என்பதுதான். நான் படித்ததெல்லாம் டூர் வேனுக்குப் பின்னால், கேஸ் அடுப்புப் பக்கத்தில் நின்றுதான். பறவை பார்க்க வருகிறவர்களுக்குச் சமைத்துப் போடுவது என் வேலை. விடியும்போது டீ, வெயில் ஏறினால் உப்புமா, மதியம் சாம்பார் சாதம். கைடு பேசுவது காதில் விழுந்துகொண்டே இருக்கும். நாலைந்து வருஷம் விழுந்தால் யாருக்கும் கொஞ்சம் ஒட்டும்.

எங்கள் டூர் தர்மபுரியில் தொடங்கும். முதல் நாள் வாணியாறு அணை ஏரி, மறுநாள் சித்தேரி மலை, அப்புறம் அரூர், திருவண்ணாமலை வழியாக மரக்காணம் கடற்கரை. ஏரி, காடு, கடல் மூன்றும் ஒரே பேக்கேஜில். வேன் ஓட்டுகிறவர் அன்வர் பாய், தர்மபுரிக்காரர். அவருக்குக் காக்காயும் கழுகும் தவிர வேறு பறவை தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது. ஆனால் மலை ரோட்டில் அவர் கையில் ஸ்டியரிங் இருந்தால் நான் தூங்கிவிடுவேன்.

அன்றைக்குப் பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் வேனை நிறுத்தி கெஸ்டுகளுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். முதலாளி போன் செய்தார்.

"தனம்மா, கைடு தம்பிக்கு அம்மை போட்டிருக்கு. வர முடியாது."

"ஐயோ. வேற யாருங்க சார் வர்றாங்க?"

"ஆள் இல்ல. நீயே கூட்டிட்டுப் போ."

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். "நானுங்களா?" என்றேன்.

"நீதான் பறவை பேரெல்லாம் சொல்றியே. இந்த ட்ரிப் நல்லபடியா போச்சுன்னா உன்னையே கைடா போட்டுடறேன். சொதப்புச்சுன்னா திரும்ப அடுப்புதான், அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது. வந்திருக்கிறவர் செந்தலைக்கிளிக்காகவே வர்றார். சித்தேரியில அதைக் காட்டிடு, போதும்."

போனை வைத்துவிட்டார். எனக்கு ஆசை வந்துவிட்டது, அதுதான் உண்மை. அதுவரை அப்படி ஒரு ஆசை இருந்ததே எனக்குத் தெரியாது. பயமும் கூடவே வந்தது. அன்வர் பாயிடம் சொன்னேன். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "கிளிதானே? அது வூட்டுக்கு வூடு கூண்டுல இருக்குமே" என்றார். அவரிடம் சொன்ன என் புத்தியை நொந்துகொண்டேன்.

2. வளையல்

செந்தலைக்கிளிக்காக வந்தவர் சென்னை ராகவன் சார். ரிடையரான இன்ஜினியர். கூட அவர் மனைவி மைதிலி அம்மா. இன்னும் நாலு பேர் இருந்தார்கள், ஆனால் வேனில் சட்டம் போட்டது ராகவன் சார்தான். அவருக்கு அந்தக் கிளி லைஃபர். வாழ்நாளில் முதன்முறையாகப் பார்க்கப்போகிற பறவையை எங்கள் தொழிலில் அப்படிச் சொல்வார்கள். இரண்டு காடுகளுக்குப் போய்க் காத்திருந்து பார்க்க முடியாமல் திரும்பியவர்.

சமையல்காரிதான் கைடு என்றதும் அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் மரியாதையானவர். வாணியாறு ஏரிக்கரையில் இறங்கியதும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தக் கண்ணாடி வளையலைக் கழட்டிடறீங்களா? சத்தம் வருது. பேர்டிங்ல முதல் ரூல் சைலன்ஸ்."

கழற்றிப் பையில் போட்டேன். கை மொட்டையாகி ஒரு மாதிரிதான் இருந்தது. அவர் மனைவி நான் கழற்றுவதைப் பார்த்துவிட்டுத் தன் கால் கொலுசைத் தூக்கிக் காட்டினார். அதில் ஒரு மணிகூட இல்லை. "என்னோடதை எல்லாம் எப்பவோ பிடுங்கிட்டார்" என்று என் காதில் சொன்னார். அந்த அம்மாவுக்குப் பறவை மேல் பெரிய ஈடுபாடு கிடையாது. புருஷனோடு போகிறோம், நல்ல காற்று, போதும் என்கிற ரகம்.

ஏரியில் எல்லாம் சரியாக நடந்தது. நாமக்கோழி, நீர்க்காகம், மீன்கொத்தி, தூரத்தில் மீன் தின்னும் கழுகான ஒரு விராலடிப்பான் என்று தடுமாறாமல் காட்டினேன். வாய் பேசாமல் நின்றால் ஏரிப் பறவைகள் தானாகவே கிட்டே வந்துவிடும். ராகவன் சார் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நான் ராத்திரி தூங்கும் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

3. சித்தேரியில் ஒரு சோளக்காடு

பொங்கலுக்கு முந்தைய பனிக்காலம். சித்தேரி மலையில் சாமை, தினை அறுப்பு முடிந்து, ஓரங்களில் சோளம் மட்டும் ஆளுயரத்துக்கு முற்றி நின்றது. செந்தலைக்கிளி சோளத்துக்கு வரும். நான் நல்லம்பள்ளிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள், சோளக்காட்டில் தகரம் தட்டிக் குருவி ஓட்டி வளர்ந்தவள். சின்ன வயசு முழுக்க விரட்டிய பறவைகளைக் காட்டுவதற்கு இப்போது சம்பளம் தருகிறார்கள். எங்கள் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "காட்டறதுக்கா? அதுங்களே வந்து நிக்குமே" என்று சிரித்தார்.

நான் கூட்டிப்போன காடு மாதம்மாள் அக்காவுடையது. பரண்மேல் உட்கார்ந்து எண்ணெய் டின்னைக் குச்சியால் அடித்துக்கொண்டிருந்தார். டம டம டம. அந்தச் சத்தம் மலையில் இரண்டு முறை திரும்பிக் கேட்டது. ராகவன் சார் காதைப் பொத்திக்கொள்ளாத குறை.

"இந்தச் சத்தத்துல ஒரு பறவை வருமா? ஒரு அரைமணி நேரம் நிறுத்தச் சொல்லுங்க."

நான் பரணுக்குக் கீழே போய், "அக்கா, கொஞ்ச நேரம் தட்டாம இருக்கிறீங்களா? கிளி பாக்க வந்திருக்காங்க, மெட்ராஸ்ல இருந்து" என்றேன்.

"கிளி பாக்கவா? மெட்ராஸ்ல இருந்தா?" அக்கா குச்சியைக் கீழே வைக்காமலே கேட்டார். "நான் தட்டாம இருந்தா அது என் களியைத் தின்னுட்டுப் போயிரும் புள்ள. வருஷம் பூரா இதுதான் சோறு."

"நாங்க ஆறேழு பேர் கண்ணாடி வச்சிக்கினு நிக்கறோம். ஒரு கிளி வந்தாலும் தெரிஞ்சிரும். உடனே சொல்லிடறோம்."

அக்கா என்னையும் பார்த்தார், ஒவ்வொருவர் கழுத்திலும் தொங்கிய பைனாக்குலர்களையும் பார்த்தார். "சரி, நான் போயி கஞ்சி குடிச்சிட்டு வரேன். பத்திரமா பாத்துக்கோங்க" என்று இறங்கிப் போனார். காடு எங்கள் பொறுப்பில் வந்தது.

நின்றோம். ஒருவர்கூட இருமவில்லை. ராகவன் சார் முக்காலியில் நிற்கிற தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப்பை எதிரில் இருந்த பட்டமரத்தின் பக்கம் திருப்பிக் கண்ணை எடுக்காமல் நின்றார். மரத்தில் ஒன்றும் இல்லை. வானத்தில் ஒன்றும் இல்லை. பனி விலகி வெயில் முதுகில் ஏறியது. அடுப்பும் கரித்துணியும் கண்ணுக்கு முன்னால் வந்து வந்து போயின.

மைதிலி அம்மா மட்டும் என் முந்தானையை இழுத்தார். "யாரோ பொரி கொறிக்கிற மாதிரி சத்தம் கேக்கறதே?"

"எலியா இருக்கும்ங்கம்மா" என்றேன்.

ராகவன் சார் உதட்டில் விரலை வைத்தார். நாங்கள் இரண்டு பேரும் அடங்கினோம். இன்னும் கொஞ்ச நேரம் போனது. கடைசியில் அவரே ஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்து, "இங்க இல்லைம்மா. வேஸ்ட். நீங்க தப்பான இடத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்க" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அழுகையை வரவழைத்தது.

அந்த நேரம் பார்த்து மாதம்மாள் அக்கா வாயைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார். சோளத்தட்டை இரண்டு கையாலும் விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே கீழே குனிந்து ஒரு கதிரை எடுத்தார். மணியே இல்லாத வெறும் சக்கை.

"அடப் பாவிங்களா" என்று ஒரு குரல் விட்டார் பாருங்கள். டின்னை எடுத்து அடித்த அடியில் பரணே ஆடியது.

எங்கள் காலடிக்குப் பக்கத்துச் சோளத்திலிருந்துதான் எழும்பின. ஒன்று இரண்டு இல்லை, காடே எழுந்து பறந்ததுபோல ஒரு கூட்டம். பச்சை இலைக்குள் பச்சை உடம்பை வைத்துக்கொண்டு, நாங்கள் மூச்சுவிடாமல் காவல் காக்க, நிம்மதியாகத் தின்றிருக்கின்றன. கீச்சிட்டுக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றி, அந்தப் பட்டமரத்தில் போய் வரிசையாக உட்கார்ந்தன. வெயில் நேராக முகத்தில் அடித்தது. நாவல்பழத்தையும் ரோஜாவையும் கசக்கிப் பூசியதுபோலத் தலைகள், மஞ்சள் மூக்கு, நீள வால்.

ராகவன் சார் கேமராவை எடுக்கவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. "மைதிலி, பாரு" என்று மட்டும் சொன்னார், அதுவும் உரக்க.

மாதம்மாள் அக்காவுக்கு அந்த அழகெல்லாம் தெரியுமா? "இத்தினி கண்ணாடி வச்சிக்கினு காலுக்குக் கீழ இருக்கிறது தெரியலியா உங்களுக்கு? ஒரு சால் வரிசை பூரா போச்சு. நீயும் காட்டுக்காரி மாதிரிதான பேசுன, உனக்குமா தெரியல?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். நியாயமான கேள்வி. சத்தமில்லாத சோளக்காட்டில் நான் நின்றதே கிடையாது. நாங்கள்தான் எப்போதும் தட்டிக்கொண்டே இருப்போமே, அது நிம்மதியாகத் தின்னும்போது எப்படி இருக்கும் என்று எனக்கெங்கே தெரியும்?

நான் பதில் சொல்வதற்குள் மைதிலி அம்மா முன்னால் போய்க் கையை நீட்டினார். "அந்த டின்னைக் குடுங்க. நீங்க முத்தினதை அறுங்க. நான் தட்டறேன்."

அக்கா நம்பாமல்தான் கொடுத்தார். அந்த அம்மா பரணில் ஏறி உட்கார்ந்து ஆரம்பித்தார் பாருங்கள், இத்தனை வருஷம் கொலுசு மணி இல்லாமல் நடந்ததற்கெல்லாம் சேர்த்து வைத்துத் தட்டினார். கிளிகள் இறங்குவதும் எழும்புவதுமாக, ஒவ்வொரு தடவையும் எங்கள் தலைக்கு மேலேயே திரும்பின. மற்ற நாலு பேரும் முறை கேட்டு வரிசையில் நின்றார்கள். ராகவன் சாரும் தட்டினார், ஆனால் தாளம் பிசகாமல், இன்ஜினியர் மாதிரி. அன்வர் பாய் வேனை விட்டு வந்து பார்த்து, "இதுக்கா இவ்ளோ தூரம் வந்தாங்க" என்று கேட்டுவிட்டு அவரும் அக்காவோடு கதிர் அறுக்க இறங்கினார். மதியம் வரைக்கும் யாரும் கிளம்பவில்லை. காட்டில் பாதிக்கு மேல் அறுப்பு முடிந்துவிட்டது.

முதலாளி போன் செய்தார். "என்னாச்சு? கிளியைப் பாத்தாங்களா?"

"பாத்துட்டாங்க சார். இப்ப விரட்டிட்டு இருக்காங்க."

"யாரு?"

"கெஸ்ட்டுங்கதான் சார்."



4. மரக்காணம்

கடற்கரைக்குப் போனபோது கழுவேலி ஏரித் தண்ணீரில் பூநாரைகள் நின்றிருந்தன. வெகுதூரத்தில், ஒற்றைக் காலில், தலையை முதுகில் செருகிக்கொண்டு. மைதிலி அம்மாவுக்குச் சித்தேரிப் பழக்கம் விடவில்லை. "தனம், ஒரு தட்டு தட்டினா பறக்குமா? றெக்கைக்கு உள்ள சிவப்பா இருக்குமாமே" என்றார்.

"வேண்டாங்கம்மா. அதுங்க ரொம்ப தூரத்துல இருந்து வந்து இப்பதான் தூங்குது. யார் காட்டையும் தின்னல. நாமதான் காத்திருக்கணும்."

சித்தேரியில் திரும்பப் போட்டுக்கொண்ட வளையலை, யாரும் கேட்காமலே கழற்றிப் பையில் வைத்தேன். ராகவன் சார் அதைக் கவனித்தார், சிரித்தார். உப்புக்காற்றில் எல்லோரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். வெகு நேரம் கழித்து ஒரே ஒரு பூநாரை சோம்பல் முறிப்பதுபோல ஒரு பக்கச் சிறகை விரித்துக் காட்டிவிட்டு மடக்கிக்கொண்டது. அது போதுமாக இருந்தது.

திரும்பி வந்ததும் முதலாளி, "டீக்கு வேற ஆளைப் பாக்கறேன், நீ கைடு வேலையைப் பாரு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும், "டீயும் நானே போட்டுக்கறேன் சார். வர்றவங்க என்னத்தைப் போடுவாங்களோ" என்றேன். அம்மை போட்ட தம்பியும் குணமாகி வந்து, ஒகேனக்கல் பக்கத்து ரூட்டை எடுத்துக்கொண்டார். யாருக்கும் நஷ்டமில்லை.

இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லித் தருவது இதுதான். புத்தகத்தில் போட்டிருக்கிற ரூலைப் படியுங்கள், ஆனால் அந்த இடத்தில் யார் சோறு வளர்கிறது என்று முதலில் கேளுங்கள். நான் சித்தேரிக்குப் போகும்போது கை நிறைய வளையல் போட்டுக்கொள்வேன். மரக்காணத்துக்குப் போகும்போது கழற்றிவிடுவேன்.

கிளி வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள நான் மலைக்கு ஆள் அனுப்புவதும் இல்லை. பனி இறங்கி சோளம் முற்றினால் மாதம்மாள் அக்காவே போன் போட்டுவிடுவார்.

"தனம், வந்து இறங்கிருச்சு. உன் ஆளுங்களை அனுப்பு. நல்லா சத்தம் போடற ஆளா பாத்து அனுப்பு."